இருட்டுக்குள் இரண்டு கைகள்

இரவு எட்டரை மணி. மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் ட்யூப்லைட் பளிச்சென்று எரிகிறது. சோபாவைச் சுவரோரம் தள்ளி, டீப்பாயைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் போட்டு, நடுவில் ஒரு கோரைப்பாயை மடித்து விரித்திருக்கிறோம். அதன்மேல் நிற்கிறான் என் அக்கா மகன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். கண்ணையும் நெற்றியையும் மூடிய ஹெட்செட், இரண்டு கையிலும் கன்ட்ரோலர். அத்தனை வெளிச்சத்திலும், கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவன்போல முன்னால் கையை நீட்டித் துழாவுகிறான். ஓர் அடி வைக்கிறான். நிற்கிறான். திடீரென்று வலது கை மேலே எழுகிறது. இடது கை தோளுக்குப் பின்னால் போய் எதையோ எடுத்துவந்து எதிலோ செருகப் பார்க்கிறது. செருக முடியவில்லை.

"ஐயோ மாமா, கீழ விழுந்துருச்சு!"

தரையில் ஒன்றும் விழவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கேட்டார்: "வீடெல்லாம் வெளிச்சமாத்தானடா இருக்கு. இவன் எந்த இருட்டுல நிக்கிறான்?"

அவன் நின்றது சிட்டி 17 என்ற கற்பனை நகரத்தின் அடியில் ஓடும் ஒரு சுரங்கத்தில். வால்வ் நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்ற விஆர் (மெய்நிகர்) கேம் அது. அலிக்ஸ் வான்ஸ் என்ற இளம்பெண்ணாக நாம் அப்பாவை மீட்கக் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் ஹெட்கிராப் என்றொரு ஜந்து. உரித்த கோழியைப் போல வெளிறிப்போய், நாலு காலில் ஊர்ந்து வந்து, சட்டென்று முகத்தை நோக்கிப் பாயும். கதை கொஞ்சம் நகர்ந்ததும் நம் இடது கையோடு ஒரு டார்ச் ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் பல இடங்களில் அந்த ஒரே வெளிச்சத்தை நம்பித்தான் நடக்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிவியில் ஆடும் துப்பாக்கி கேம்களில் தோட்டா தீர்ந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். மீதியைத் திரையில் இருக்கும் ஆள் பார்த்துக்கொள்வான். அலிக்ஸில் அத்தனையும் நம் கைவேலை. பட்டனை அழுத்திக் காலியான மேகஸினைக் கழற்ற வேண்டும். இடது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுப்பையிலிருந்து புது மேகஸினை எடுக்க வேண்டும். துப்பாக்கியின் அடியில் அதைச் சரியாகச் செருகி, மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். டார்ச் இருப்பதும் அதே இடது கையில்தான். கை பின்னால் போகும்போது வெளிச்சமும் கூடவே பின்னால் போய்விடும். எதிரே கும்மிருட்டு. ஹெட்கிராப் ஊர்ந்து வரும் சத்தம் மட்டும் காதில் விழும். இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்து வைத்தவர்களுக்குப் பயம் என்பது உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நானும் அந்தச் சுரங்கத்தில் நின்றிருக்கிறேன். அதற்கு முந்தைய தெருக்காட்சியில் மேகஸின் மாற்றுவதைப் பத்துத் தடவையாவது பழகியிருந்தேன். கை தானாகவே செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. சுரங்கத்தில் முதல் ஹெட்கிராப் தாவியபோது மேகஸின் துப்பாக்கியின் விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். டார்ச் தரையைக் காட்டியது, மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதைச் செருகிவிட்டேன், ஆனால் ஸ்லைடை இழுக்க மறந்துபோனேன். விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு வெற்றுச் சத்தம். அந்த ஒரு சத்தத்தில் முதுகெலும்பு முழுக்கச் சில்லிட்டது. பேய்ப் படம் பார்க்கும்போது பயம் நெஞ்சோடு நின்றுவிடும், கை முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கும். இங்கே பயம் தோள் வழியாக விரல் நுனிவரை இறங்குகிறது. இறங்கிய நடுக்கம் கன்ட்ரோலர் வழியாகக் கேமுக்குள் போய், நம் விதியையே மாற்றிவிடுகிறது.

கை இருக்கும் இடம் ஹெட்செட்டுக்கு எப்படித் தெரிகிறது? எங்கள் வீட்டில் இருப்பது 2020-ல் வந்த குவெஸ்ட் 2. கன்ட்ரோலரின் மேற்புறம் வளையமாக வளைந்திருக்கிறதே, அதற்குள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. ஹெட்செட்டின் முகப்பில் உள்ள நான்கு கேமராக்கள் அந்த விளக்குகளைப் பார்த்துக் கையின் இடத்தைக் கணக்குப் போடுகின்றன. கை முதுகுக்குப் பின்னால் போனால் கேமராவால் பார்க்க முடியாது. அப்போது கன்ட்ரோலருக்குள் இருக்கும் அசைவு உணரிகள் சில கணங்களுக்கு ஊகித்துச் சமாளிக்கும். வால்வின் இண்டெக்ஸ் கருவியில் முறையே வேறு. அறையின் மூலைகளில் வைத்த பெட்டிகள் லேசர் கதிரால் அறையைத் துடைத்துக்கொண்டே இருக்க, கன்ட்ரோலரில் உள்ள உணரிகள் அந்தக் கதிர் தம்மீது படும் நேரத்தை வைத்துத் தம் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு கன்ட்ரோலரில் மொத்தம் 87 உணரிகள். எந்த விரல் மடங்கியிருக்கிறது, எது நீண்டிருக்கிறது என்பதுவரை அதற்குத் தெரியும்.

அம்மாவின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டுகள் சுவர், ஜன்னல், நாற்காலி எல்லாவற்றையும் கேமராவால் பார்த்துத்தான் தாம் அறையில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கின்றன. அறையை இருட்டாக்கினால் அவற்றுக்கு வழி தெரியாமல் போய்விடும். படம் தடுமாறும், கேம் நின்றுவிடும். அதனால் உள்ளே எவ்வளவு இருட்டு இருந்தாலும் வெளியே விளக்கு எரிய வேண்டும். பேய்க்கதைக்கு விளக்கை அணைத்துப் பழகிய நமக்கு இது புதுசு.

கையை இந்த இருட்டுக்குள் கொண்டுவர ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருக்கிறது. 2006-ல் நிண்டெண்டோவின் வீ கேம் கருவி வந்தபோதே கையசைவில் விளையாடலாம் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. சோனியின் மூவ் கன்ட்ரோலர் 2010-ல் வந்தது. ஆனால் கையோடு கண்ணையும் சேர்த்து உள்ளே இழுத்தது 2016. அந்த ஏப்ரலில் ஹெச்டிசி வைவ் ஹெட்செட், பெட்டியிலேயே இரண்டு கைக் கன்ட்ரோலர்களோடு கடைக்கு வந்தது. சில நாட்கள் முன்னதாக வந்த ஆக்குலஸ் ரிஃப்ட்டோடு கிடைத்தது சாதாரண கேம்பேடுதான், அதற்கான டச் கன்ட்ரோலர்கள் டிசம்பரில்தான் வந்தன.

இவையெல்லாம் கடைக்கு வருவதற்கு முன்பே கேம் நிறுவனமான கேப்காம் செய்த ஒரு வேலையை நான் இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். 2015-ல் லாஸ் ஏஞ்சலிஸின் இ3 கண்காட்சியில் சோனியின் விஆர் கருவிக்காக 'கிச்சன்' என்றொரு சிறிய மாதிரிக் காட்சியை வைத்தார்கள். கண்ணைத் திறந்தால் அழுக்கேறிய ஒரு சமையலறை, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு கையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. விளையாடுகிறவர் கையில் அப்போது இருந்தது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய சாதாரண கேம்பேட். அதையே கட்டுண்ட கையாக மாற்றிவிட்டார்கள். உண்மையில் கைகள் சேர்ந்திருப்பதற்கும் கதையில் கட்டுப்பட்டிருப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. கருவியில் இருந்த குறை அப்படியே பயமாக உருமாறிய இடம் அது. அதன் தொடர்ச்சியாக 2017 ஜனவரியில் 'ரெசிடென்ட் ஈவில் 7' வந்தது. கேமை முழுதாக விஆரில் விளையாடலாம், ஆனால் கேம்பேடில்தான். கண் உள்ளே, கை வெளியே. பயந்தேன், மறுக்கவில்லை. ஆனாலும் கதை நடக்கும் அந்த வீட்டை நான் பார்த்த வீடாகத்தான் நினைவிருக்கிறது, தொட்ட வீடாக இல்லை.

அதே வரிசையில் 2005-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4', 2021 அக்டோபரில் குவெஸ்ட் 2-க்காக மறுபடி செய்யப்பட்டபோது கைக்கு வேலை வந்துவிட்டது. துப்பாக்கியை இடுப்பிலிருந்து எடுக்க வேண்டும், கத்தியை நெஞ்சுப்பக்கத்திலிருந்து உருவ வேண்டும். பதினாறு வருஷத்துக்கு முன் பழகிய அதே ஊர், அதே கூட்டம். கோடாலியோடு வருகிறவன் இப்போது என் உயரத்தில் நின்றான். உயரம் என்றதும் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' நினைவுக்கு வருகிறது. அதில் வரும் டிமிட்ரெஸ்கு சீமாட்டி, தொப்பியும் உயர் குதிகாலும் சேர்த்து 2.9 மீட்டர் என்று கேப்காமே அறிவித்தது. டிவியில் அது ஒரு தகவல். 2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் விஆர் 2-க்கு வந்தபோது கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. அடி விழும்போது இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்தித் தடுக்க வேண்டும். சின்ன வயதில் அடிக்கு ஒடுங்கிய எல்லோருக்கும் அந்தக் கையசைவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2020 ஜனவரியில் வந்த 'தி வாக்கிங் டெட்: செயின்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் கதை. நடைப்பிணத்தின் மண்டையில் கத்தி இறங்கினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியைப் பிடுங்க வேண்டும். கனமான ஆயுதம் கையோடு வேகமாக வராது, இழுபட்டு மெதுவாக வரும். கையில் இருப்பதோ நூற்றைம்பது கிராம் அளவிலான பிளாஸ்டிக். ஆனாலும் கோடாலியைத் தூக்கும்போது தோள்பட்டை தானாக இறுகுகிறது. இதற்கு நேர்மாறாக, தண்டவாளத்தில் வண்டி போல நம்மைக் கூட்டிப்போய் இரண்டு பக்கமும் 'ப்பா' என்று அலற வைக்கும் கேம்கள் நிறைய உண்டு. விருந்தாளிக்குக் காட்ட நல்லது. திடுக்கிட வைப்பது விஆரில் மிகச் சுலபம், அதனாலேயே அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கைக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலையைச் செய்ய விடாமல் பயமுறுத்துகிற கேம்தான் மறுநாளும் மனதில் நிற்கிறது.

பிளாஸ்டிக் என்று தெரிந்தும் உடம்பு ஏன் நம்புகிறது? 1998-ல் மாத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹென் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறிய ஆய்வு ஒன்று உண்டு. ஒருவரின் நிஜக் கையை மறைப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ரப்பர் கையே தன் கையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. கண்ணும் உடம்பும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்னால் மூளை அதை ஏற்றுக்கொள்கிறது. விஆர் செய்வதும் இதுதான். நீங்கள் கையை உயர்த்துகிற அதே கணத்தில் உள்ளே ஒரு கை உயர்கிறது. அலிக்ஸில் மணிக்கட்டோடு கை முடிந்துவிடும், முழங்கையே கிடையாது. என் அக்கா மகன் அதைக் கவனிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இதை மருத்துவத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிலந்தி என்றால் வீட்டை விட்டே ஓடுகிறவர்களுக்காக, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர் தொண்ணூறுகளிலேயே விஆரில் ஒரு சிலந்தியைக் காட்டிச் சிகிச்சை கொடுத்தார்கள். உள்ளே தெரியும் சிலந்தியைத் தொடப் போனால், வெளியே அதே இடத்தில் மயிர் நிறைந்த ஒரு பொம்மைச் சிலந்தி கைக்குத் தட்டுப்படும். பார்ப்பதைவிடத் தொடுவது பயத்தை அதிகமாகக் கிளப்பியது. தொட்டுப் பழகியபோது பயம் தணிந்ததும் அதிகமாக இருந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், விஆரில் ஓர் ஆழமான குழியின் விளிம்பில் ஆட்களை நிற்க வைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். காலடியில் ஒன்றரை அங்குலம் உயரமுள்ள நிஜப் பலகை ஒன்றைப் போட்டு, அதன் விளிம்பைக் கால் உணரும்படி செய்ததும் துடிப்பு இன்னும் ஏறியது. ஒன்றரை அங்குலப் பலகையைத்தான் கால் தொட்டது. அதள பாதாளத்தைக் கண்டதாக நெஞ்சு துடித்தது.

இனி வீட்டு விஷயம். நம் வீடுகளில் விஆர் விளையாடுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது சீலிங் ஃபேனை. தோளுக்கு மேல் கையை வீசாத பயங்கர கேமே இல்லை. ஃபேன் தாழ்வாக இருந்தால் அதை அணைத்துவிட்டு டேபிள் ஃபேனை எதிரே வையுங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்று முகத்தில் படும் பக்கம் எது என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், திசை தப்பாது. நடுவில் விரித்த கோரைப்பாயும் அதற்குத்தான். பாயின் ஓரம் காலில் பட்டால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். ஹெட்செட்டும் நாம் வரைந்து வைத்த எல்லையை நெருங்கினால் கண்முன் கட்டம் போட்ட சுவரைக் காட்டும். ஆனால் பயந்து பின்வாங்குகிறவன் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. அவன் கண் பேய்மேல் இருக்கிறது. பிரிட்டனின் அவைவா காப்பீட்டு நிறுவனத்துக்கு விஆர் ஹெட்செட்டால் வந்த வீட்டுப்பொருள் சேத விண்ணப்பங்கள் 2021-ல் 31 சதவிகிதம் கூடியிருக்கின்றன. சராசரியாக ஒரு விண்ணப்பத்துக்கு 650 பவுண்டு அளவில் சேதம், பெரும்பாலும் உடைந்த டிவிகள். கன்ட்ரோலரின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் விளையாடவே கூடாது. எங்கள் வீட்டில் சுவரின் ஓரிடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது, அக்கா மகனின் விரல் முட்டியிலும் ஒரு தழும்பு இருக்கிறது.

தலைசுற்றலும் குமட்டலும் பலருக்கு வரும். கண் 'நடக்கிறேன்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நின்றுகொண்டுதான் இருக்கிறேன்' என்கிறது. அந்தத் தகராறுதான் குமட்டல். கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடப்பதற்குப் பதிலாக, போக வேண்டிய இடத்தைச் சுட்டி அங்கே தாவும் முறையில் தொடங்கினால் அது பெருமளவு குறையும். நெற்றியில் வியர்வை அரும்பியதும் கழற்றிவிடுங்கள். 'இன்னும் ஒரு அறைதான்' என்று பல்லைக் கடித்தால் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது. வலிப்பு, இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். குழந்தைகள் விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். குவெஸ்ட்டுக்கு மெட்டா நிறுவனம் வைத்த வயது 13, 2023-லிருந்து பெற்றோர் கட்டுப்பாட்டில் 10 வயதினருக்கும் அனுமதி. ஆனால் அது கருவிக்கான வயது. அலிக்ஸ், ரெசிடென்ட் ஈவில் எல்லாம் அமெரிக்கத் தரச்சான்றில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. டிவி பேயைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு ஹெட்செட்டுக்குள்ளும் கண்ணை மூடலாம்தான். கையை மட்டும் எங்கே ஒளித்து வைக்கும்?

எனக்கு இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன வயதில், கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் அம்மா எங்களுக்குப் புளியமரத்து முனிக் கதை சொல்வார். நானும் அக்காவும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முனி கிணற்றடிக்கு வரும் இடத்தில் என் கை தானாகப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். பயத்தோடு பிடிமானமும் சேர்ந்தே கிடைத்த காலம். ஹெட்செட் மாட்டியவனின் இரண்டு கையும் கன்ட்ரோலருக்குப் போய்விட்டது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த விளையாட்டின் பெரிய குறையாக நான் நினைப்பது அந்தத் தனிமையைத்தான்.

அதற்கு விடை தேடிய கேம் ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில், ஆரம்பத்தில் ஒரே ஒருவர் உருவாக்கி வெளியிட்ட 'ஃபாஸ்மோஃபோபியா'. நான்கு பேர்வரை சேர்ந்து பேய் இருக்கும் வீட்டுக்குள் போகலாம். டார்ச், வெப்பமானி, கேமரா என்று ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கே இருப்பது எந்த வகைப் பேய் என்று கண்டுபிடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். பேயோடு நிஜமாகவே மைக்கில் பேச வேண்டும், நம் குரலை அது கேட்கும். அது வேட்டைக்குக் கிளம்பிவிட்டால் அலமாரிக்குள் நுழைந்து, கதவைக் கையால் பிடித்து மூடிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் நிற்க வேண்டும். கூட வந்த நண்பன் மாடியில் அலறிவிட்டுப் பேச்சில்லாமல் போகும் கணம், எந்தப் பேய்ப் படத்திலும் எனக்குக் கிடைக்காத ஒன்று.

எங்கள் வீட்டில் நாங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யாரும் தனியாக விளையாடுவதில்லை. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே உட்கார்ந்து, அவர் பார்ப்பதை லேப்டாப் திரையில் பார்ப்பார். சுவரை நெருங்கினால் குரல் கொடுப்பார். முதலில் குரல், அப்புறம்தான் தொடுவது. பயத்தில் இருப்பவனைச் சொல்லாமல் தொட்டால் அவன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா மகன் அலிக்ஸின் ஏழாவது அத்தியாயத்துக்கு வந்தான். அதன் பெயர் 'ஜெஃப்'. பழைய சாராய ஆலை ஒன்று. அதற்குள் ஒரு காலத்தில் மனிதனாக இருந்த உருவம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் துப்பாக்கிகளால் அதைக் கொல்ல முடியாது. அதற்குக் கண் தெரியாது, காது மட்டும் பாம்புக்காது. ஆலை முழுக்கக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்று உருண்டு விழுந்தாலும் அது வந்துவிடும். அது விடும் நச்சுப்பொடியை மூச்சில் இழுத்தால் இருமல் வரும், இருமினால் அதற்குக் கேட்டுவிடும். ஆகவே ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால்தான் எல்லா வேலையும். நிஜமாகவே கையை ஹெட்செட்டுக்குக் கீழே, வாயருகே கொண்டுபோக வேண்டும். எடுத்துவிட்டால் அலிக்ஸ் இருமிவிடுவாள்.

அவன் இடது கையால் வாயைப் பொத்தியபடி வலது கையால் ஒரு கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்துகொண்டிருந்தான். லேப்டாப் திரையில் கதவிடுக்கு வழியாக அதன் முதுகு தெரிந்தது. அம்மா மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அதுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியாதும்மா. சத்தம் கேட்டா வந்துரும்."

குவெஸ்ட்டின் ஸ்பீக்கர் காதை மூடுவதில்லை. வீட்டுச் சத்தமெல்லாம் அவனுக்குக் கேட்கும். அடுப்படியில் குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. இரண்டாவது விசிலுக்கு அவன் தோள் துள்ளியதை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். இப்போது மூன்றாவது விசிலுக்கு ஆவி சீறத் தொடங்கியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுப்பை அணைக்கும் 'டிக்' சத்தம் கேட்டது. சீறல் மெல்ல அடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து, நிலைப்படியில் சாய்ந்து நின்றார். உள்ளே அவன் கதவைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தான். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் கையும் வாயைப் பொத்தியிருந்தது.